கரகரப்பு – களைதல் – தொடர்பாக

கணினியில் கரகரவென்று சத்தம் வந்தபோது நான் முதலில் செய்த காரியம் ஒரு கோப்பு திறந்தது. பழுப்பு அட்டை, நாடா, முதல் தாளில் பொருள்: "ஒலிப்பதிவில் கரகரப்பு – களைதல் – தொடர்பாக." ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அரசு அட்டையும் நாடாவும் வீட்டில் எப்படி இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

உத்திரமேரூரில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் வீடு. மனைவி போய் நாலாவது வருடம். மகள் வெளிநாட்டில். கடைசியாக வந்தபோது தன் பழைய கணினியையும் ஒரு மைக்கையும், மைக்கைக் கணினியோடு இணைக்கிற யுஎஸ்பி பெட்டி ஒன்றையும் வைத்துவிட்டுப் போனாள். "உங்க ஞாபகத்தையெல்லாம் பேசிப் பதிவு பண்ணுங்கப்பா. நான் மெயில் போடறேன்" என்றாள். இரண்டு நாள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெட்டியைத் திரும்ப அதன் டப்பாவுக்குள் வைத்தேன்.

அதை மறுபடி எடுக்க வைத்தவர் செங்கல்பட்டு அலுவலகத்து டெலிபோன் ஆப்ரேட்டர். பதினான்கு வருடம் அவர் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். பார்வை இல்லாதவர் என்பதே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் உத்திரமேரூரிலிருந்து போனில் மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது சரியாக நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு சார்" என்று அறிவிப்பார். வெளியூர்ப் பேச்சுக்கு மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு பிடித்த டிரங்க் கால் காலத்துப் பழக்கம். அந்தக் காலம் போன பிறகும் அவர் விடவில்லை. பாதிப் பேச்சில் அதிகாரியிடமிருந்து அவர் என்னைக் காப்பாற்றியதும் உண்டு.

ஒருநாள் வீட்டுக்கே போன் செய்தார்.

"சார், டிபார்ட்மெண்ட் டெஸ்ட் எழுதணும் சார். அத்த பாஸ் பண்ணாதான் பிரமோஷன். ரெண்டு வாட்டி போயிடுச்சி. இன்னும் ரெண்டு மாசந்தான் கீது. எளுதறதுக்கு ஆள் குடுக்கறாங்க, படிச்சிக் காட்டத்தான் ஆள் இல்ல."

"என்ன புத்தகம்?"

"ஆபீஸ் நடைமுறை நூல்தான் சார். நீங்க போன்ல சர்க்குலர் படிச்சா மட்டும் எனக்குப் புரியும். மத்தவங்க படிச்சா தூக்கம் வரும்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே இலக்கியப் பாராட்டு அது.

மதியம் இரண்டு மணிக்கு நெல் லாரிகள் ஓய்ந்திருக்கும். ஜன்னலைச் சாத்திக் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேட்டியோடு வியர்த்துக்கொண்டு படித்தேன். கணினியை இயக்க லினக்ஸ் போட்டிருந்தேன். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. அதில் எந்தக் கட்டளையை எடுத்தாலும் ஒரு விதிநூல் இருக்கிறது. விதிநூலைப் படிக்கிற பொறுமை உள்ளவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. பதிந்ததை சிடியாக்கி, காகித உறையில் போட்டு, செங்கல்பட்டு பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன்.

"இன்னா பெரியவரே, சினிமாப் படமா?" என்றார் கண்டக்டர் முதல் நாள்.

"கோப்புகளை அழிப்பது பற்றிய விதிகள்."

அதன் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை. அங்கே பஸ் நிலையத்தில் ஆப்ரேட்டரின் மனைவி வாங்கிக்கொள்வார்.

மறுநாள் போன் வந்தது. "சார், குரல் அப்படியே கீது. ஆனா நடுநடுவுல கடுகு தாளிக்கிறாப்புல வெடிக்குது. பகல் பூரா ஹெட்போன் மாட்டிக்கினு காது புண்ணாயிப் போயிருது சார். அதுக்கு மேல இது தாங்கல."

அன்றுதான் கோப்பு திறந்தேன். வயரை மாற்றினேன். பெட்டியை முன்பக்கத்துத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். எர்த் சரியில்லையோ என்று வீட்டுப் பக்கத்தில் எர்த் கம்பி புதைத்த குழியில் உப்பும் போட்டு இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினேன். பக்கத்து வீட்டம்மா, "அங்க இன்னா சார் செடி வெச்சிகீறீங்க?" என்று கேட்டார். கரகரப்பு அசையவில்லை.

பிறகு பஃபர், கணினிக்குள் குரல் கொஞ்சம் தங்கிப்போகிற இடம். அதை ஒரு தபால் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி குரலைத் துண்டு துண்டாக அந்தத் தட்டில் போடுகிறது, கணினி எடுத்துக்கொண்டு போகிறது. எடுக்க வேண்டிய குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டால் தட்டு நிரம்பித் துண்டுகள் தரையில் விழும். விழுகிற சத்தம்தான் அந்த வெடிப்பு. தட்டைப் பெரிதாக்கினேன், இரண்டு மடங்கு, எட்டு மடங்கு. ஓரளவு குறைந்தது, போகவில்லை.

துண்டு விழும் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் நேரத்தோடு ஒரு வரி எழுதி வைக்கிறது. நான் அதைத் தினம் எண்ணிக் கோப்பில் அறிக்கையாகப் போட்டேன். ஒரு மணி நேரப் பதிவில் தொண்ணூற்றிரண்டு. மறுநாள் எழுபது. அதற்கடுத்து அறுபத்தொன்று, அறுபது, அறுபது. முன்னேற்றம் திருப்திகரம் என்று குறிப்பெழுதி ஒப்பமிட்டேன். முப்பத்து நாலு வருடம் எண்ணிக்கை அறிக்கை அனுப்பிப் பழகியவன் கூட்டுத்தொகையைப் பார்ப்பானே தவிர, பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கமாட்டான்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. நூலில் கால்பங்குகூட முடியவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்ல நிமிஷத்துக்கு ஒருக்கா இன்னாமோ ஓடுதா?"

"ஒண்ணும் ஓடலையே. மின்விசிறியைக்கூட நிறுத்திடறேன்."

"இல்ல சார், எண்ணிக்கினே வந்தேன். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல கரெக்டா ஒரு நிமிஷம். மூணு நிமிஷம் மூணு நிமிஷமா பாத்துப் பாத்து காதுக்குள்ளயே கடியாரம் கீது சார் எனக்கு. அது தப்பாது."

கோப்பைப் புரட்டி, நேரம் எழுதியிருந்த கட்டத்தை முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு மணி மூன்று நிமிடம் ஒரு விநாடி. இரண்டு மணி நாலு நிமிடம் ஒரு விநாடி. இரண்டு மணி ஐந்து நிமிடம் ஒரு விநாடி. எல்லாம் அதேபோல. எதனால் என்று உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானே செய்யும்படி லினக்ஸில் ஓர் அட்டவணை எழுதி வைக்கலாம். மகள் ஊருக்குப் போன வாரம் நான் அதில் ஒரு வரி எழுதியிருந்தேன்: நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தில் போய் மெயில் வந்திருக்கிறதா என்று பார். கணினி பழசு. அது போய்ப் பார்த்துவிட்டு வருகிற அந்த ஒரு விநாடிதான் குமாஸ்தா டீ குடிக்கப் போன நேரம்.

"கண்டுபுட்ச்சிட்டீங்களா சார்? இன்னா அது?"

"தபால் பார்க்கிற வேலை ஒண்ணு. நான்தான் போட்டு வெச்சேன்."

"நிமிஷத்துக்கு ஒருக்கா பாக்கற அளவுக்குத் தபால் வருதா சார்?"

நான் கோப்பின் தாள்களைத் தட்டி அடுக்கினேன்.

"சார்? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன்."

அவருக்கு லைன் போவதற்கும் ஆள் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியும். "சரி வுடுங்க சார். அது பாட்டுக்கு ஓடட்டும். நிமிஷத்துக்கு ஒருக்காதானே, எங்க வரும்னு தெரிஞ்சிபோச்சி. அந்த நேரத்துக்குக் காதுலேர்ந்து எடுத்துக்கறேன்" என்றார்.

மூன்றாம் தடவை தேர்வு எழுதப்போகிறவர், மணிக்கு அறுபது முறை ஹெட்போனைக் கழற்றி மாட்டுவதாகச் சொன்னார். என் மகளுடைய மெயிலுக்காக.

"வேண்டாம். இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றேன்.

விதி எளிது. வரியை அழிக்க வேண்டியதில்லை, அதன் முன்னால் ஒரு குறி போட்டால் போதும், கணினி அதைப் படிக்காமல் தாண்டிப்போகும். போட்டேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன், பதினெட்டு மதியங்கள். பதிவில் ஒரு வெடிப்புகூட இல்லை. திருப்பிக் கேட்டபோது வாக்கியங்களுக்கு நடுவில் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது காதில் விழுந்தது. அதைக் களைவதற்கு நடைமுறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோப்பை முடித்து நாடா கட்டினேன்.

கடைசி சிடியை அனுப்பிய அன்று அட்டவணையைத் திறந்து அந்தக் குறியை எடுத்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை, காலை ஆறு மணி என்று திருத்தினேன். முன்பு ஒரு நாளில் ஆயிரத்து நானூற்று நாற்பது முறை இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஒன்று.

முடிவு வந்த அன்று சாயங்காலம் போன் அடித்தது.

"பாஸ் சார்! நூத்துக்கு எளுபத்தொண்ணு. எளுத வந்த பையன் கேக்கறான், இன்னா சார் புக்கைப் பாத்துச் சொல்றாப்புல கீதேன்னு. நான் சொன்னேன், டேய், எங்க சார் காதுல ஒக்காந்துக்கினு படிக்கிறார்டான்னு."

வாழ்த்துச் சொன்னேன். எந்தக் கேள்வி வந்தது என்று கேட்டேன். கோப்புகளை அழிப்பது பற்றியும் வந்ததாம். இருவரும் சிரித்தோம்.

"அப்புறம் சார்," என்றார், "அந்தத் தபால் வந்துச்சா?"

லைன் அன்றைக்குத் துல்லியமாக இருந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

"இன்னும் இல்லை" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது, தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. நானும் வைக்கவில்லை. என் காதில் கடியாரம் இல்லை, ஆனால் சுவரில் இருக்கிறது. மூன்று நிமிடம் தாண்டியது. மூணு நிமிஷம் ஆச்சு என்று அவர் சொல்லவில்லை.