தென்கரையில் மட்டும் டாக்டர்

அந்த ஆறு மாதமும் ஏரியின் வடகரையில் நான் டாக்டர் இல்லை, தென்கரையில் டாக்டர்தான். ஆந்திராவில் படித்து அங்கேயே பதிவு செய்தவள், கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்தபின் தமிழ்நாட்டிலும் பதிவு செய்துகொண்டேன். வாரத்தில் ஐந்து நாள் இங்கே, சனிக்கிழமை மட்டும் அக்கரையில், ஆந்திரப் பக்கம். அக்கரை மருத்துவக் கவுன்சில் தன் பதிவேட்டில் என் பெயரை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. இக்கரையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அதை டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். கிளினிக்குக்கு எதிரேதான் இருக்கிறது. மத்தியான வெயிலில் எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போல ஆடின. இங்கே படுத்திருக்கும் வெள்ளைக்காரர்களில் வைத்தியர்களும் இருப்பார்களே, அவர்களை யார் விசாரித்தார்கள் என்று மனசுக்குள் ஒரு விதண்டாவாதம் வேறு. தப்பு செய்தவளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

தப்பு செய்தேன். ஏரியில் வலை இறக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்பார்கள். தவறவிட்டால் அடுத்த பாடு வர நாளாகும். ஒரு சனிக்கிழமை அக்கரைக் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல், இன்றைக்கும் நாளைக்கும் அவர் பாடு, வர முடியாது, மாத்திரை கொடு என்றாள். கொடுத்தேன். அவரை அனுப்பு என்று சொல்லவில்லை. பாடு அன்றைக்கு ஆளைக் கூப்பிடுவது பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்புவது மாதிரி. ஊர் வழக்கம் எனக்கு அத்துப்படி என்பதில் கொஞ்சம் பெருமைகூட. மறுநாள் அவர் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் வலை இழுக்க இனி முடியாது. அவர் மச்சான் புகார் எழுதினார். விசாரணையில் நான் எதையும் மறுக்கவில்லை.

மறுக்கவில்லையே தவிர, கடிதம் வந்த மறுநாளே இக்கரைக் கிளினிக்கை வழக்கம்போலத் திறந்துவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அந்த நாட்கள் இப்போதும் பாதித் தூக்கத்தில் பார்த்தவையாகவே நினைவில் இருக்கின்றன. காலைப் பனியில் ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியாது. படகுகள் அந்தரத்தில் நிற்கும். எதுவரை நான் டாக்டர் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பிறகு உள்ளே போய்க் காய்ச்சலும் சேற்றுப்புண்ணும் பார்ப்பேன். எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். அது இனித்தது, பயமாகவும் இருந்தது.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண் ஒருநாள் கோபமாக வந்தாள். அவள் அக்கா புருஷன் அக்கரையில் முறை தப்பி வலை இறக்கியிருக்கிறார். அங்கே இரண்டு மாதம் தொழிலுக்குத் தடை. சரி, இங்கே இறங்கலாம் என்று வந்தால் இந்த ஊரும் விடவில்லை.

“அந்தக் கரையில பண்ண தப்புக்கு இந்தக் கரையில இன்னாம்மா தண்டனை? நீங்க சொன்னா ஊர்ல கேப்பாங்க. ஒரு வார்த்த பேசும்மா.”

“அவங்க இன்னா சொல்றாங்க?”

“ஏரி ஒண்ணுதானேன்றாங்க.”

எனக்கு முகம் சுட்டது. அவளுக்கு என் கதை தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடமா சிபாரிசுக்கு வருவாள்? பேசுகிறேன் என்றேன், பேசவில்லை. அன்று சாயங்காலம் இக்கரைக் கவுன்சிலுக்கு நடந்ததை எழுதினேன். என் ஆறு மாதத் தடை முடியும்வரை இங்கேயும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளினிக்கைப் பூட்டினேன். அவளிடமும் காரணத்தைச் சொன்னேன். அவள் டோக்கன்களை மேஜை டிராயரில் போட்டு மூடினாள்.

பூட்டிய நான்காம் நாள் கிளினிக் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையில் மாத்திரை வாங்கிப்போன அந்தப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும். அவரை அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. படகு ஏறி வந்திருக்கிறார்கள்.

“நீ இங்க பாக்குறேன்னாங்க. அதான் இட்டாந்தேன்.”

நான் இப்போது பார்க்கக்கூடாது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது.

“அன்னிக்கு இட்டுக்கினு வான்னு சொல்லல. இன்னிக்கு இட்டாந்தா பாக்க மாட்டேன்ற. இன்னாம்மா நாயம் இது?”

ஆட்டோ பிடித்து அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் உப்பளமும் வெயிலும் மிதந்துகொண்டே போயின. அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர், நெஞ்சுவலி முதலில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பழக்கத்தில் அவளே பதில் சொல்லத் தொடங்கினாள்.

“அவர சொல்ல வுடும்மா” என்றேன்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “மாத்திரை வாங்கினு வந்த அன்னிக்கே இடது கை மரத்துப் போச்சு சார். இவகிட்ட சொல்லல. சொன்னா பாடு எறங்க வுடமாட்டா.”

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“நீ கேட்டிருந்தா சொல்லிருப்பேம்மா.”