கெட்டிலுக்குள் இறங்கியவனின் கல்லீரல்

தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு முப்பத்தாறு: நச்சு வாயு தங்கியிருக்கக்கூடிய எந்தத் தொட்டிக்குள்ளும் கலத்துக்குள்ளும் எவரும் இறங்கக் கூடாது. இறங்கியே ஆகவேண்டுமென்றால், வாயு நீங்கிவிட்டதைத் தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவி அணிய வேண்டும். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். நல்ல சட்டம். துறைமுகத்தில் விபத்துக் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நம் ஊரில் சட்டத்தை அருமையாக எழுதுவார்கள் என்பதை எங்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

என் மனைவியின் தம்பி வேலை செய்த தொழிற்சாலை எர்ணாவூரைத் தாண்டி இருந்தது. வினைல் குளோரைடு என்ற வாயுவைப் பெரிய இரும்புக் கலத்தில் அடைத்துச் சூடேற்றி, பிளாஸ்டிக் குழாய்க்கான வெள்ளை மாவாக்குவார்கள். கலத்தைத் தொழிலாளிகள் கெட்டில் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அதன் உட்சுவரில் மாவு பொருக்காக ஒட்டிக்கொள்ளும். யாராவது உளியோடு உள்ளே போய்ச் சுரண்ட வேண்டும். திறப்பு குறுகல், என் மச்சான் ஒல்லி. இந்த ஒரு தகுதிக்காகவே அறுபதுகளின் கடைசியில் அவனை வேலைக்கு எடுத்தார்கள்.

“வாசன இனிப்பாத்தான் கீது மாமா,” என்பான் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போது. “கொஞ்ச நேரத்துல தல கிர்ருனு சுத்தும். சிரிப்பு சிரிப்பா வரும். மேல வந்தா கால் தரையில நிக்காது.”

“கயிறு கட்டுகிறார்களா?”

“கயிறு சூபர்வைசர் ரூம்ல மாட்டிகீது. புத்தம் புதுசு. கலீஜ் ஆயிடும்னு எடுக்க மாட்டானுங்கோ.”

உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால் கெட்டிலை மூடுவார்கள். ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். அதனால் அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. தள்ளாடி வெளியே வருகிறவனைக் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு, “குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன், மன்னிக்கவும்” என்று எழுதிய தாளில் அவன் கையெழுத்துப் போடுவான். ஓர் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்துவிடும். கூட வேலை செய்கிறவர்களே கெஞ்சுவார்கள்: “போட்டுக் குட்த்துரு நைனா, உன்னால எல்லாரும் பேஜார் ஆவணுமா?” அவனும் போட்டான். பலமுறை போட்டான். தோஸ்துகளுக்காகச் செய்கிற காரியம் என்று அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது.

அவன் அப்பன் கள்ளச்சாராயத்தில் செத்தவர். தேவாலயத்துப் பூசைக்குப் போகத் தொடங்கிய சிறுவயதிலேயே, அந்தோணியார் சுரூபத்தைத் தொட்டு, வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவன் அவன். கல்யாண வீடுகளில் அதற்காகக் கிண்டல் செய்வார்கள். அவன் சோடா பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான்.

எழுபத்து மூன்றில் அவன் வயிற்றின் இடப்பக்கம் கனத்தது. மண்ணீரல் வீங்கியிருந்தது. விரல் நுனிகள் குளிரில் விறைத்தவைபோல் வெளுத்தன. நம் ஊரில் ஏது குளிர்? ஒருநாள் காலை இரத்தமாக வாந்தி எடுத்தான். தொழிற்சாலை அவனை அனுப்பிவைத்த தொழிலாளர் காப்பீட்டு மருத்துவ அதிகாரி அவன் நாக்கையும், மன்னிப்புத் தாள்கள் நிறைந்த நிர்வாகத்தின் கோப்பையும் பார்த்தார். கோப்பைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார். “நாட்பட்ட மதுப்பழக்கத்தால் வந்த கல்லீரல் நோய்” என்று எழுதி, வேலைக்குத் தகுதியில்லை என்று முடித்தார்.

வேலை போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவனை அறுத்தது. பெண்டாட்டி வாயை மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

“அப்பன் மாரியே புள்ளனு தெருவே பேசுது மாமா. நோவு வந்துச்சி, வந்துட்டுப் போவுது. அந்த வார்த்தைய மட்டும் அழிச்சிக் குடு. உனுக்குத்தான் எல்லா ரூல்சும் தெரியுமே.”

அரசு மருத்துவமனையில் அவன் கல்லீரலிலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அதை நுண்ணோக்கியில் பார்த்த இளம் பெண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, “இவர் குடிக்கிறவர்னு யார் சொன்னது?” என்றார்.

“கம்பெனி,” என்றேன்.

“குடிக்கிறவங்க லிவர்னா கொழுப்பு சேர்ந்திருக்கும், லிவர் செல்லே வீங்கிச் செத்திருக்கும். இங்க அதெல்லாம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது ரத்தக் குழாயோட உள்பக்கம் ஒட்டியிருக்கிற செல்.”

பொறுமையாக விளக்கினார். கல்லீரலுக்குள் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் உட்சுவர்ச் செல்களில் துளைகள் இருக்கின்றன. சல்லடையில் வடிவதுபோல் இரத்தத்தின் நீர் அவற்றின் வழியே வடிந்து கல்லீரல் செல்களை நனைக்க வேண்டும். உட்சுவர் நோய்ப்பட்டால் துளைகள் அடைபடும், சுற்றி நார் வளரும், இரத்தம் உள்ளே புக முடியாமல் பின்னால் தேங்கும்.

“ரெயில்வே கேட்டு போட்டா டோல்கேட் வரிக்கும் லாரி நிக்குமே, அத்த மாரியா டாக்டரம்மா?” என்று கேட்டான் மச்சான்.

“அதேதான். அந்த நெருக்கடியிலதான் மண்ணீரல் வீங்குது, உணவுக்குழாய்ல ரத்தக் குழாய் ஒடையுது.”

அயல்நாட்டில் இதே வாயுவில் வேலை செய்தவர்களுக்கு, அதே உட்சுவர்ச் செல்களில் புற்று வந்திருப்பதாக அவர் மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். அவர்களும் கெட்டில் சுரண்டியவர்கள். “உங்களுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகல,” என்றார். எங்கள் வம்சத்தில் ஒரு டாக்டரிடமிருந்து கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அதுதான்.

அவர் அறிக்கையை இணைத்துத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன். அந்த மன்னிப்புத் தாள்களில் பெரும்பாலானவை மதுவிலக்கு அமலில் இருந்தபோது எழுதப்பட்டவை. குடிப்பதே குற்றமான காலத்தில், குடித்தேன் என்று எழுதிக்கொடுத்தவனைப் போலீசில் ஒப்படைக்காமல், மறுநாளே அதே கெட்டிலுக்குள் இறக்கிவிட்ட நிர்வாகம் அவன் எழுதியதை நம்பியதா, இல்லையா? இதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் என் பணிக்காலத்தில் எழுதியதில்லை.

மனு போன பாதை எனக்கு மனப்பாடம். அஞ்சல் பிரிவு, பிரிவு எழுத்தர், கண்காணிப்பாளர், மருத்துவ ஆலோசகர், மறுபடியும் பிரிவு எழுத்தர். நினைவூட்டல் எழுதினேன். இணைப்பு காணவில்லை என்றார்கள். இணைப்பின் நகலை அனுப்பினேன். நகலுக்குச் சான்றொப்பம் இல்லை என்றார்கள். நானும் என் மேசையிலிருந்து ஊருக்கெல்லாம் இதே வரிகளை அனுப்பியவன் என்பதால், எந்த வரிக்குப் பின் எது வரும் என்று மச்சானுக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அதற்குமேல் என் திறமை எதற்கும் உதவவில்லை. அதற்குள் அவன் இருமுறை இரத்தம் கக்கியிருந்தான்.

கடைசியில் வந்த பதிலை அவன் படுக்கையருகே நின்று படித்தேன். வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. இந்த நோய் தொழில்நோய் அட்டவணையில் இல்லை. ஆயினும் மனுதாரரின் கோரிக்கையைக் கருணையுடன் பரிசீலித்து, “மதுப்பழக்கத்தால்” என்பது நீக்கப்பட்டு, “காரணம் தெரியவில்லை” என்று திருத்தப்படுகிறது.

“அழிச்சிட்டானா?”

“அழித்துவிட்டான்.”

பெண்டாட்டியைக் கூப்பிட்டு அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தாளை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தான்.

“காரணம் தெர்லியாமா? இன்னா மாமா இது, அம்மாம் பெரிய கெட்டிலு! அவன் கண்ணுக்குத் தெர்லியா?”

அடுத்த மழைக்காலத்துக்கு அவன் இல்லை. பதில் வந்தது 1976, ஏப்ரல் பதினைந்து, புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன்.