வாசிக்கச் சொன்ன அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'வாசிங்கக்கா' என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணுக்கு வருகிற ஃபோனை எடுத்துப் பேசுகிற வேலை எங்களுக்கு. மூன்றாவது மாடி, இருபத்திரண்டு நாற்காலி, எல்லார் தலையிலும் ஹெட்செட். வருகிற அழைப்பில் பாதி ஒரே ரகம்தான்: "அப்டேட் போட்டேன், பாதியில நின்னுடுச்சு." நாங்களெல்லாம் உடனே இதை அழுத்துங்க, அதை அழுத்துங்க என்று ஆரம்பித்துவிடுவோம். அக்கா மட்டும் எதையும் தொடச் சொல்லமாட்டாள். "திரையில என்ன இருக்கோ அதை அப்படியே வாசிங்க" என்பாள்.

வாசிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஜனங்கள் திரையில் இருப்பதை விட்டுவிட்டு மனசில் இருப்பதை வாசிப்பார்கள். "என்னமோ தப்புன்னு போட்டிருக்கு", "என்னைத் திட்டுது" என்பார்கள். ஒருவர், "என் மூஞ்சிதான் தெரியுது" என்றார். திரை கறுப்பாகிவிட்டதாம். அக்கா சிரிக்காமல், "மூஞ்சிக்கு மேல ஏதாச்சும் எழுத்து இருக்கா பாருங்க சார்" என்றாள். பொடி எழுத்தில் ஒரு பிழை எண் இருந்தது. அவர் எட்டு, பூஜ்யம், பூஜ்யம், ஏழு என்று எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "கம்ப்யூட்டர்ல இடம் பத்தலை சார். அதான் அப்டேட் உள்ளே வரமாட்டேங்குது. முதல்ல குப்பைத்தொட்டியைக் காலி பண்ணுவோம்." அந்த எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு என் சொந்த ஃபோன் நம்பரே தடுமாறும்.

முப்பத்தைந்து சதவீதத்தில் அப்டேட் நின்றுபோனால், ஆளை அவளைப்போல யாராலும் காத்திருக்க வைக்க முடியாது. "நிக்கட்டும் சார். ஒயரை மட்டும் பிடுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிற கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒயரைப் பிடுங்கத் துடிக்கிற கையை அவள் பேச்சிலேயே பிடித்து வைத்திருந்தாள்.

பதினோரு வருஷம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என் வாய்க்குப் பூட்டு கிடையாது, அது ஊரறிந்த விஷயம். ஒருநாள் சுவரில் லீவு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். "நம்ம பேர் இருக்கா பாரேன்" என்றாள் அக்கா. அவள் அதற்கு நேர் எதிரேதான் நின்றிருந்தாள். "ஏன், கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

நாலு நாள் கழித்து மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேரா பாக்குற இடம் மட்டும் அழிஞ்சு போச்சுடி. ஓரமெல்லாம் தெரியுது. உன்னைப் பாத்தா உன் தோள் தெரியுது, மூஞ்சி தெரியலை."

அதனால்தான் அவள் படியில் தடுக்கி விழவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. பேசும்போது நம் காதைப் பார்த்துப் பேசுவாள். திமிர் பிடித்தவள் என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். இதற்கு மருந்து கிடையாது, இனி எழுத்து படிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளுக்கு வயது நாற்பத்து நாலு. கணவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருந்தார். மகள் நர்சிங் முதல் வருஷம்.

"அவ படிப்பு முடியுற வரைக்கும் இந்த நாற்காலி எனக்கு இருந்தா போதும். யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. கழட்டி வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்ட வாயைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அவள் தொழிலே காதில்தானே இருந்தது! எதிர்முனையில் இருப்பவர் வாசிப்பார், அவள் கேட்டுக்கொள்வாள். பிறகுதான் மேனேஜர் அந்தப் புது மென்பொருளைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அவருடைய திரை அப்படியே எங்கள் திரையில் வந்துவிடும். நாமே உள்ளே போய்ச் சரிசெய்யலாம். "இனிமே யாரையும் வாசிக்கச் சொல்லி உயிரை வாங்க வேண்டாம். சீக்கிரம் முடிங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்குக் கண். ஒரு காதில் எனக்கு வந்த அழைப்பு, இன்னொரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் திரையை எட்டிப் பார்ப்பேன். "கீழே நீலப் பட்டன், 'அடுத்து'ன்னு இருக்கு" என்று முணுமுணுப்பேன். அவள் மவுஸைத் தொடமாட்டாள், எல்லாம் கீபோர்டில்தான். இந்தத் திரைக்கு ஒரு தட்டு, அந்தத் திரைக்கு இரண்டு தட்டு என்று கணக்கு வைத்திருந்தாள். ஆறு மாசம் இப்படி ஓட்டினோம். என் அழைப்புகள் நீண்டன. என்னைப் பற்றிப் புகார் வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

அந்தக் கோபத்தை நான் யார்மேல் காட்டியிருக்க வேண்டும்? அன்று சாயங்காலம் லிஃப்ட் வாசலில் அவள்மேல் காட்டினேன்.

"உங்களுக்கு வாசிச்சு வாசிச்சு என் பிழைப்பு போயிடும் போலிருக்கு. எனக்கு மட்டும் குடும்பம் இல்லையா?"

"நீ சொல்றது நியாயம்தான்" என்றாள். திருப்பி ஒரு வார்த்தை சுடச்சுடக் கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஒரு பெரியவரின் அழைப்பு. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு நாளாக அப்டேட் பாதியில் நின்று, பின்னால் திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முறைப்படி எல்லாம் செய்து பார்த்தாள். அரைகுறையாக இறங்கிக் கிடந்ததை அழித்தாள், பென் டிரைவைப் பிடுங்கச் சொன்னாள், மறுபடி ஓடவிட்டாள். மசியவில்லை. கடைசி வழி, சிஸ்டத்தைப் புதிதாகப் போடுவது. அப்போது திரை, இரண்டு வழியில் எது என்று கேட்கும். மேலே இருப்பது 'என் கோப்புகளை வைத்துக்கொள்'. கீழே இருப்பது 'எல்லாவற்றையும் நீக்கு'.

அந்த இடத்தில் அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி என் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது என் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். இதை இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

மீதியை, மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்த அழைப்பைப் போட்டபோதுதான் கேட்டேன். அக்கா, "சார், திரையில என்ன இருக்குன்னு கொஞ்சம் வாசிக்கிறீங்களா?" என்று கேட்கிறாள். "நீங்களே பாக்குறீங்களேம்மா! எட்டரை ஆயிடுச்சு, நான் போய் மழையை அளந்துட்டு வந்துடறேன்" என்று அவர் எழுந்து போகிறார். வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்து, பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் அளந்து, அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தவர். பிரதி கிடையாது. அவர் மேலே மழையை அளந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே அக்கா கணக்குப்படி தட்டினாள். லைன் மந்தம். ஓரக்கண்ணில் திரை மாறக் காணாததால், தட்டினது போய்ச் சேரவில்லை என்று நினைத்து இன்னொரு தட்டு தட்டினாள். அந்த ஒரு தட்டுதான் கீழே, 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற வழிக்கு இறக்கிவிட்டது.

பதிவில் அவர் மூச்சு வாங்கத் திரும்பி வருகிறார். "பன்னிரண்டு மில்லிமீட்டர்ம்மா! இந்த மாசத்துலயே இதான் அதிகம்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். மேனேஜர் அதோடு நிறுத்திவிட்டார்.

"எல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு இன்னொரு தடவை கேக்குமே. அதைக்கூடவா பாக்கலை?"

"எனக்குக் கண்ணு தெரியாது சார். ஒன்றரை வருஷமாச்சு."

மேனேஜர் என்னைப் பார்த்தபடி அவளிடம் கேட்டார். "பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே, இவங்களுக்குமா தெரியாது?"

"அவளுக்கும் தெரியாது சார். யாருக்கும் தெரியாது."

மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தெரியாது என்று தலையாட்டினேன். வேகமாக, இரண்டு தடவை.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தப் பெரியவரிடம் தானே சொல்ல வேண்டும் என்றாள். அங்கேயே ஃபோன் போட்டு, கண் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. "கண்ணு தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் வாசிச்சிருப்பேனேம்மா" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அன்று மதியமே அக்காவிடம் ஹெட்செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் எனக்கு அவள் வீட்டுக்குப் போக முகமில்லை. போனபோது மகள் கதவைத் திறந்தாள். கல்லூரிக்குப் போகிற நேரத்தில் வீட்டில் இருந்தாள். ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், மதியத்துக்கு மேல்தான் போகவேண்டும் என்றும் சொன்னாள். படிப்பு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

அக்கா சமையலறையில் உட்கார்ந்து, வெங்காயத்தைத் தடவித் தடவி உரித்துக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு சார் உன்னைப் பத்திக் கேட்டப்ப எனக்கு உயிரே போயிடுச்சுடி. நீ படபடன்னு உண்மையைக் கொட்டிடுவியோன்னு பயந்துட்டேன். உன் சத்தமே கேக்கலை. எப்படித்தான் அடக்கிக்கிட்டியோ! எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் உனக்கு."

அன்று நான் தெரியாது என்று தலையாட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

"ஆமாக்கா" என்றேன். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, உட்கார், டீ போடுகிறேன் என்றாள்.