காற்றைப் பூட்டிய கதை

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் வாசிப்பு வாரம் என்று ஒன்று வைத்தார்கள். பிடித்த நாவலைப் பற்றி வகுப்பில் பேசி, மற்றவர்களையும் படிக்கத் தூண்ட வேண்டும். முடிவை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

என்னிடம் அப்படியொரு நாவல் இருந்தது. மந்திரக்காரி ஒருத்தி நாட்டின் காற்றையெல்லாம் பிடித்து மலைக்குள் பூட்டிவிடுகிறாள். பாய்மரங்கள் துவண்டு தொங்குகின்றன, பட்டங்கள் விழுகின்றன. காற்றை விடுவிக்க என் வயதுப் பெண்ணொருத்தி கிளம்புகிறாள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வெளிமாநிலத்தில், கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் என்னிடம் அகப்படாதவர்களே இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவுக்கு நான் வாயைத் திறந்ததும் குக்கர் ஞாபகம் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா வந்தார். கணக்குப் புத்தகத்தைத் தவிர மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. அவரிடம் நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை இருவரும் கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஆறாவது மாடிக்கு லிஃப்டில் ஏறியபோது பாதி வழியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது. மூலையில் சின்ன விளக்கொன்று மட்டும் எரிந்தது. பெரியப்பா கதவை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஏதாவது பேசேன்," என்றார்.

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? தப்பித்துப் போக வழியில்லாத ஒருவர், தானே கதை கேட்கிறார்! வீட்டில்கூட இங்கிலீஷில் பதில் சொல்பவள், அன்று தட்டுத் தடுமாறித் தமிழில் ஆரம்பித்தேன்.

"மலைக்குள்ள ஒரு கேவ் இருக்கு பெரியப்பா. தமிழ்ல என்ன சொல்லணும்?"

"குகை."

"அந்தக் குகைக்குள்ள அவ போனதும் கதவு மூடிக்குது. உள்ள காத்தே இல்ல..."

பெரியப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "பொறவு? காத்து எப்போ வரும்?"

இத்தனை ஆர்வமாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் குகையின் இருட்டை இன்னும் விரித்துச் சொன்னேன். அவர் கை வேர்த்து என் விரல்களை நெரித்தது.

"அந்தப் பிள்ளை வெளிய வந்தாளா இல்லையா?"

"அது சஸ்பென்ஸ் பெரியப்பா. சொல்லக் கூடாது. மிஸ் சொல்லியிருக்காங்க."

"சஸ்பென்ஸாவது மண்ணாவது! கதவைத் திறக்கச் சொல்லுட்டி!"

அவர் குரல் உடைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு மிஸ்ஸின் விதியாவது ஒன்றாவது! கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் நெஞ்சில் மிச்சமிருந்த ஒரே மூச்சை மெல்லச் சாவித்துவாரத்தில் ஊதுகிறாள். பெரியப்பாவும் மெல்ல ஊதினார். கதவு திறக்கிறது. கடல்காற்று வருகிறது, மலைக்காற்று வருகிறது. புத்தகத்தில் இருந்த காற்றுகள் தீர்ந்தும் அவர் "ம், ம்" என்றதால், லீவில் குற்றாலத்தில் என் முகத்தில் அடித்த காற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

"சாரல்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலிருந்து வாட்ச்மேன், "டரோ நக்கோ பாப்பா!" என்று கத்தினார். பயப்படாதே என்கிறார். எனக்கென்ன பயம்? இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் இரண்டாம் பாகத்தையும் முடித்திருப்பேன். அவர் சாவி போட்டுக் கதவை நெம்பி எங்களை மேலே இழுத்தார். பெரியப்பா அங்கேயே படியில் உட்கார்ந்து, என் தலையைத் தடவி, "நல்ல கதைட்டி," என்றார்.

வகுப்பில் என் பேச்சுதான் ஜெயித்தது. "எங்க பெரியப்பா அழுகிற மாதிரி ஆயிட்டார்" என்று சொன்னதும் புத்தகத்துக்கு அடிதடியே நடந்தது.

இருந்த நாட்களெல்லாம் பெரியப்பா லிஃப்ட் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலோரம் நின்று நின்று படியேறி வந்தார். மலையேறும் அந்தப் பெண்ணைப் போலவே ஆகிவிட்டார், ஒரு புத்தகம் மனுஷனை எப்படி மாற்றிவிட்டது பார் என்று அப்பாவிடம் பெருமையடித்தேன்.

"அண்ணனுக்கு அடைச்ச இடம் சின்ன வயசுலேயே ஆகாது," என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

அதற்கும் என் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து யாரைப் படிக்கவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே லிஃப்டுக்கு ஓடினேன்.