டெல்மர் வாசிக்காத இசைத்தட்டு

டெல்மர் ஸ்ட்ரவுட் தன் மச்சான் ஹோபர்ட்டுக்கு எழுபது டாலர் கடன்பட்டிருந்தான். ஆளைவிட உயரமாக நிற்குமே பாஸ், அந்த வாத்தியம் வாங்கிய கடன்.

ஆர்கன்சா பருத்திக்காட்டுப் பக்கம் பாஸின் தந்தியை அவனைப்போல இழுத்து அறைய வேறு ஆள் கிடையாது. இல்லை என்பவன் கேட்டதில்லை என்று அர்த்தம். பாடுவது லவான், கிதார் பூன், பாஸ் டெல்மர். இவ்வளவுதான் 'பாட்டம்லேண்ட் பாய்ஸ்'. டிரம் கிடையாது, டெல்மரின் உள்ளங்கைதான் டிரம். காலையில் உள்ளூர் ரேடியோவில் மாவுக் கம்பெனி விளம்பர நிகழ்ச்சியில் சும்மா வாசிப்பார்கள். சனிக்கிழமை எந்த பீர்க்கடையில் கச்சேரி என்று சொல்லிக்கொள்ள விடுவார்கள், அதுதான் கூலி. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு ஜூலையில் மெம்பிஸிலிருந்து இசைத்தட்டுப் பதிவுக்கு அழைப்பு வந்தது. பாஸைக் காரின் கூரைமேல் கட்டினார்கள். மழைக்குப் பயந்து டெல்மர் கறுப்புத் தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினான். மழை வரவில்லை. வெயில்தான் கொளுத்தியது. பதிவுக்கூட வாசலில் அவிழ்த்தால், ஒட்டியிருந்த வச்சிரப் பசை இளகி, பாஸின் கழுத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"என்னடா இது, கோழியத் திருகின மாதிரி!" என்றான் பூன்.

"ஆணி அடிச்சுப் பாக்கலாமா?" டெல்மர் கழுத்தைப் பழைய இடத்தில் வைத்து அழுத்தினான்.

பதிவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் நேரமில்லப்பா. நம்மகிட்டயே பாஸுக்கு ஆள் இருக்காரு."

"அவரு வாத்தியத்த மட்டும் குடுங்க சார், நானே அடிக்கறேன்."

"பொண்டாட்டியக் கேட்டாலும் குடுப்பாரு, அதக் குடுக்கமாட்டாரு."

லவான் தரையைப் பார்த்தான். "கோச்சுக்காத டெல்மர். இன்னொரு தடவ கூப்பிடமாட்டாங்க."

டெல்மர் பதிவறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றான். அவன் கண்டுபிடித்த அடியை இன்னொருவன் அடித்தான். சத்தம் பதிவாகிவிடும் என்று காலால் தாளம்கூடப் போடவிடவில்லை.

தட்டு நன்றாக ஓடியது. கழுத்தை ஒட்டிக்கொண்டு டெல்மரும் ஊர் ஊராகப் போனான். "தட்டுல இருக்கற மாதிரியே அடிய்யா!" என்று ஜனம் கத்தியது. அவனும் தட்டில் வாசித்த அந்த மனிதரைப் பார்த்து அடிப்பதுபோலவே அடித்தான்.

அக்டோபரில் தன் பங்குப் பணத்தோடு ஹோபர்ட்டின் பெட்ரோல் பங்குக்குப் போனான். ரேடியோவில் அதே பாட்டு. ஹோபர்ட் ஒரு லாரிக்காரனைப் பிடித்து வைத்திருந்தான்.

"கேளுய்யா, அந்த டக்கு டக்கு! என் தங்கச்சி புருஷன். பாஸு என் காசு!"

"மச்சான், அது வந்து..."

"சும்மா இரு மாப்ள, உன் இடம் வருது."

ஹோபர்ட் கண்ணை மூடித் தலையாட்டினான். கண்ணோரம் ஈரம். பாட்டு முடிந்ததும் ஹோபர்ட் கையை நீட்டினான். அந்த உள்ளங்கையில் டெல்மர் பத்து, இருபது என்று எழுபதையும் எண்ணி வைத்தான்.