லாபி வாசலில் ஒரு முகூர்த்தம்

‘மழை வந்தால் பால்ரூம்.’ கடலோரக் கல்யாணம் எதுவானாலும் என் பட்டியலில் இந்த வரி இருக்கும். மின்னியலில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கல்யாண ஏற்பாட்டு வேலைக்கு வந்தவள் நான். மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று மலாக்காவில் பள்ளி விடுமுறைக் கூட்டம். சிங்கப்பூர்ப் பெண், கோலாலம்பூர் மாப்பிள்ளை. மணலில் மணவறை போட்டு முடித்த நேரத்தில் மழை கொட்டியது. எல்லாவற்றையும் ஹோட்டலுக்குள் இருந்த பால்ரூம் மண்டபத்துக்கு மாற்றினோம். ஐயர் ஓமகுண்டத்தை வைத்ததும் ஹோட்டல் டெக்னீஷியன் செல்வம் அண்ணன் ஓடி வந்தார்.

“தங்கச்சி, நெருப்பு மூட்டாதீங்க! அலாரம் அடிச்சா ஹோட்டலே வெளிய ஓடும்.”

“புகை சென்சரை ஆஃப் பண்ணித் தர்றதா பேசியிருக்கோமே, அண்ணே?”

“பேசினது சரி லா. அலாரம் பேனல் சாவி சூப்பர்வைசர்கிட்ட. அவரு ஆயர் குரோ ரோட்டு ஜாம்ல மாட்டிக்கிட்டாரு.”

முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. அக்னி இல்லாமல் நடத்த முடியாது என்று ஐயர் கையைக் கட்டிக்கொண்டார். பெண்ணின் அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

“எம்மா, கடற்கரைக் கல்யாணமே வேணாம்னுதான் சம்பந்தியம்மா சொன்னாங்க. என் பொண்ணு கேட்டான்னு பிடிவாதமா செஞ்சேன். நேரம் தவறினா காலத்துக்கும் அவ தலையிலதான் விடியும்.”

“அலாரம் அடிச்சா கெட்டிமேளம் தேவையில்ல லா,” என்றார் பெண்ணின் அத்தை. யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. அவர் கார் வருகிறதா என்று லாபி வாசலுக்குப் போய் நின்றேன். கார் வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட் கூரை, மூன்று பக்கமும் திறப்பு, சென்சர் எதுவும் இல்லை.

மேனேஜரிடம் ஓடினேன். தீயணைப்பானைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், டூர் பஸ்களை நாங்களே சமாளிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். பயணப்பெட்டிகள் இறங்கும் இடத்தில் மணவறை ஏறியது.

அக்னி மூண்டதும் அடுத்த பயம். ஆள் நடமாட்டத்தில் லாபியின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. காற்று புகையை அந்தப் பக்கமே தள்ளியது. உள்ளே வரிசையாகச் சென்சர்கள்.

“அண்ணே, கதவு!”

“இந்தச் சாவி என்கிட்டத்தான் இருக்கு,” என்று செல்வம் அண்ணன் கதவை நிறுத்தினார். வந்தவர்களைப் பக்கவாசல் வழியாகத் திருப்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டி, நடுவழியில் குடையோடு நின்று மறித்தார். இறங்கிய பயணி ஒருவர் இது என்ன என்று கேட்க, “உங்க பேக்கேஜ்லயே இருக்கு லா, சத்தம் போடாம பாருங்க!” என்றார்.

தாலி ஏறியது. நேரம் தவறவில்லை. சம்பந்தியம்மா மருமகளின் கண் மையைத் துடைத்துவிட்டு, “இதுவே தேவலாம்மா. கால்ல மணல் ஒட்டல,” என்றார். பெண்ணின் அப்பா அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஹோட்டல் பார்க்கப் போனால் மணமக்கள் கடலைப் பார்க்கட்டும். நீங்கள் கூரையைப் பாருங்கள்.