பெரியவரும் சின்னவவும்

வலது கண்ணை இறுக்கிச் சுருக்கி, இடது கண்ணைக் கமராவில் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நிற்கிறார் வஸீர் நானா. கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வீதியின் ஓரத்துச் சேற்றில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கின்றன. கமரா சடசடவென்று அடித்து ஓய்ந்ததும், என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்: "அசையாதேங்கோ தம்பி. உங்கட நிழல் ஆடினாலே அதுகளுக்குக் கோவம் வந்திடும்."

மன்னார் பஜாரில் பல்பும் மின்விசிறியும் விற்கிற கடை அவருடையது. பூநாரைகள் வந்து இறங்கும் மாதங்களில் வெயில் ஏறும் முன் அந்தக் கடை திறக்காது. அவசரத்துக்குப் பல்பு வேண்டியவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவரிடம் நீண்ட ஸூம் லென்ஸ்கள் இரண்டு இருக்கின்றன. அறுநூறு மில்லிமீற்றர் வரை எட்டுவது, தூக்கினால் தோள் இறங்குவது, 'பெரியவர்'. நானூறோடு நிற்பது, ஒரு கையில் அடங்குவது, 'சின்னவ'. சின்னவ விற்பனைக்கு என்று முகநூலில் போட்டிருந்தார். அதை வாங்கத்தான் வவுனியாவிலிருந்து நான் போயிருந்தேன்.

வாங்கிய கையோடு பஸ் ஏறலாம் என்று போனவனை அவர் சேற்றோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "ரெண்டையும் ஒப்பிட்டுக் காட்டாம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். பிறகு என்னைப் பேசப்படாது." ஒரே பறவை, ஒரே தூரம் என்று சட்டம் வேறு. அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சியைத் தாண்டி கமரா முக்காலியை ஒரு சாண் நகர்த்த விடமாட்டார். "பறவையின்ர கண்ணில வெளிச்சப் பொட்டு விழோணும். சிறகு சிறகாப் பிரிஞ்சு தெரியோணும். இல்லாட்டி அது லென்ஸ் இல்ல, வெறும் குழாய்."

முதலில் பெரியவர். இளவெயிலில் நண்டைக் கொத்திக்கொண்டு நின்ற ஒரு கறுப்புவெள்ளைப் பறவையை எடுத்துக் காட்டினார். அலகு நுனியில் தொங்கிய தண்ணீர்த் துளிகூடத் தெரிந்தது. நான் வாயைப் பிளந்தேன். அடுத்தது சின்னவ என்று காத்திருந்தால், மனிதர் பிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ ஊற்றுகிறார்.

சின்னவவை அவர் வாங்கியது மனைவி நசீறாவுக்காக. பாரமான லென்ஸ் நசீறாவின் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பறவையை எடுத்து, எந்தப் படம் திறம் என்று வீடு போய்ச் சேரும்வரை சண்டை பிடிப்பார்களாம். "உப்புக்காத்துப் பட்டா அவவுக்கு ஒரே தும்மல். எண்டாலும் வருவா. கனதரம் அவதான் வெல்லுவா. நான் இந்தப் பாரத்தைத் திருப்பிறத்துக்குள்ள அவ எடுத்து முடிச்சிடுவா. இப்ப நானே எடுத்து நானே வெல்லுறன். அதில என்ன இருக்கு?"

மகள் அப்ராவின் பிரசவத்துக்கென்று கனடா போனவர் நசீறா. அப்போது பிறந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன பெருநாளன்று மனைவியே போனில் சொல்லிவிட்டாராம். "'நான் இனி எங்க வந்து தூக்கப்போறன், பூஞ்சணம் பிடிக்க முதல் ஆருக்கும் குடுத்துப்போடுங்கோ' எண்டுறா." "நல்ல தேத்தண்ணி நானா" என்றேன். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

வெயில் நன்றாக ஏறி, சேற்றுக்கு மேலே கானல் நெளியத் தொடங்கிய பிறகுதான் சின்னவ பையிலிருந்து வெளியே வந்தது. அதே பறவை அங்கேயேதான் நின்றது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பறவை கஞ்சிக்குள் விழுந்ததுபோல் கலங்கிக் கிடந்தது. "பாத்தீங்களோ? நான் பொய் சொல்ல மாட்டன். இது உங்களுக்குச் சரிவராது தம்பி." முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கானலுக்குள் பெரியவர் என்ன, எந்த லென்ஸும் அப்படித்தான் காட்டும். பறவைப் படம் எடுக்கிற எவருக்கும் அது அரிச்சுவடி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், புத்தளத்திலிருந்து ஒருவர் என்று எனக்கு முன்னமே வந்து பார்த்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பியதாகத் தேத்தண்ணி குடிக்கையில் அவரே சொல்லியிருந்தார். நானும் சும்மா இருக்காமல், "நாளைக்கு விடிய வெள்ளன வாறன் நானா, அந்த வெளிச்சத்தில இதையும் பாப்பம்" என்று சொல்லிவிட்டேன்.

சின்னவவின் தூசியே இல்லாத கண்ணாடியை அவர் துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"வேண்டாம் நானா. கலங்கலாத்தான் கிடக்கு."

"நான் சொன்னனான்தானே" என்றார் அவசரமாக.

பெரியவரைப் பழைய காரின் டிக்கிக்குள் போட்டு மூடினார். சின்னவவைக் கொண்டுபோய்த் தன் பக்கத்து இருக்கையில் வைத்தார். தாம்போதியில் காற்று உப்பை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தன் பக்கத்துக் கண்ணாடி திறந்தபடியே கிடக்க, எட்டிக் குனிந்து, சின்னவ இருந்த பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கைபிடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார்.